‘ஓப்பன் ஆகலை ஆன்ட்டி!’ – கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலக்ட்ரான் பற்றியவை. விடுமுறையில் நம் மும்பைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்களோ என்னவோ. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வலைப்பக்கம் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்டை வைத்தே, கணினியில் தனி ஜன்னலாகத் திறக்கும் மென்பொருளைச் செய்ய வழி கொடுப்பது எலக்ட்ரான். குரோம் உலாவிக்கு அடித்தளமான குரோமியமும், உலாவி இல்லாமலே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நோட்.ஜேஎஸ்ஸும் அதற்குள்ளே ஒன்றாகக் குடியிருக்கின்றன. கிட்ஹப் நிறுவனம், கோடு (நிரல் வரிகள்) எழுத உதவும் தன் ஆட்டம் எடிட்டருக்காக 2013-ல் இந்த வேலையை ஆரம்பித்தது. முதலில் ஆட்டம் ஷெல் என்று பெயர், 2015-ல் எலக்ட்ரான் ஆனது. அந்த எடிட்டரை 2022 டிசம்பரில் மூடியே விட்டார்கள். அதற்காகப் போட்ட அடுப்பு மட்டும் ஊர் முழுக்க எரிகிறது. நீங்கள் கோடு எழுதுகிற விஎஸ் கோடுகூட எலக்ட்ரானில் ஓடுவதுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘ஓப்பன் ஆகலை’ என்று மட்டும் எழுதி, திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். அதில் பாதி ட்யூப்லைட் வெளிச்சம்தான் தெரிகிறது. பிழைச் செய்தியின் முதல் இரண்டு வரியைக் கையால் எழுதி அனுப்பினால் போதும்.

ஆன்ட்டி, நான் பி.எஸ்ஸி. ஐ.டி. இரண்டாம் ஆண்டு. எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) அம்மா பதினைந்து பேரைச் சேர்த்துச் சீட்டு நடத்துகிறார். அந்தக் கணக்குக்கு ஒரு ஆப் செய்கிறேன். ‘நோட் மெயின்.ஜேஎஸ்’ என்று அடித்தால், ‘கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட்’ என்று சிவப்பாக வருகிறது. பக்கத்தில் வென்ரெடி என்ற சொல்லும் இருக்கிறது. வீடியோவில் உள்ள கோடையும் என் கோடையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை.
– சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு மாணவி

பிழைச் செய்தியைக் கையால் எழுதி அனுப்பிய முதல் ஆள் நீதான். அதனால் உனக்குத்தான் முதல் இடம்.

உன் கோடு சரி. அதை ஓட்டச் சொன்ன ஆள்தான் தப்பு. நோட் என்று அடித்தால் அந்த ஃபைலை ஓட்டுவது உன் கணினியில் தனியாக இருக்கிற நோட்.ஜேஎஸ். அதற்கு ஜன்னல் திறக்கத் தெரியாது. அதனிடம் ‘எலக்ட்ரானைக் கொடு’ என்று ரெக்வயர் போட்டுக் கேட்டால், எலக்ட்ரான் நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்கிற முகவரியை மட்டும் ஒரு வரி எழுத்தாகத் திருப்பித் தரும். அந்த எழுத்து வரிக்குள்ளே போய் ‘ஆப்’ எங்கே என்று நீ தேடுகிறாய். கிடைக்குமா? வீட்டு முகவரி எழுதிய சீட்டைத் தட்டினால் யார் கதவைத் திறப்பார்கள்? எலக்ட்ரான் தானே அந்த ஃபைலை ஓட்டும்போது, அதே வரி உண்மையான ஆப்பைக் கையில் கொடுக்கும்.

ஆகவே, ‘என்பிஎக்ஸ் எலக்ட்ரான்’ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளிக்கு ‘இந்த ஃபோல்டரில் உள்ளதை ஓட்டு’ என்று பொருள். புள்ளியை மறந்தால் எலக்ட்ரானின் சொந்த வரவேற்பு ஜன்னல் திறக்கும். என் ஆப் எங்கே போனது என்று அரை நாள் தேடுவாய். தினமும் இப்படி அடிக்காமல் இருக்க, பேக்கேஜ்.ஜேசனில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் ஸ்டார்ட் என்பதற்கு எதிரே ‘எலக்ட்ரான் புள்ளி’யை எழுதி வைத்துவிட்டால் ‘என்பிஎம் ஸ்டார்ட்’ போதும் (என்பிஎம், என்பிஎக்ஸ் இரண்டும் நோட்.ஜேஎஸ்ஸோடு வருகிற கருவிகள்; தொகுப்புகளை இறக்கவும் ஓட்டவும் உதவும்). அதே ஃபைலில் ‘மெயின்’ என்று ஒரு வரி இருக்கும், அதையும் ஒரு பார்வை பார். பெரும்பாலும் அங்கே இண்டெக்ஸ்.ஜேஎஸ் என்று தானாக விழுந்திருக்கும். நீ எழுதியதோ மெயின்.ஜேஎஸ். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் எலக்ட்ரான் ஆப்பே இல்லை என்று சொல்லிவிடும்.

இவ்வளவையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: ‘ஆன்ட்டி, ஜன்னல் வந்துவிட்டது, ஆனால் வெறும் வெள்ளை!’

வெள்ளை ஜன்னல் நல்ல சேதி. ஆப் திறப்பதில் மூன்று கட்டம் உண்டு. எலக்ட்ரான் உன் கணினிக்கு முழுசாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். பிறகு மெயின்.ஜேஎஸ் ஓடி ஜன்னலைத் திறக்க வேண்டும். அப்புறம் அந்த ஜன்னலுக்குள் பக்கம் வந்து உட்கார வேண்டும். ஜன்னல் தெரிகிறது என்றால் முதல் இரண்டையும் தாண்டிவிட்டாய். இனி கட்டளை அடிக்கிற டெர்மினலை மட்டும் முறைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, ஜன்னலுக்கு உள்ளே பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்து. குரோமில் வருகிற அதே டெவ்டூல்ஸ் வரும். கன்சோல் என்ற தாவலில் சிவப்பு எழுத்து இருக்கும்.

அங்கேயோ டெர்மினலிலோ ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று இருந்தால் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறாய் என்று அர்த்தம், ஐந்து நிமிட வேலை. உனக்கு வந்ததோ ‘ரெக்வயர் இஸ் நாட் டிஃபைன்ட்’. இதற்குக் காரணம் உன் வீடியோவின் வயசு. முன்பெல்லாம் ஜன்னலுக்குள் ஓடுகிற பக்கத்திலிருந்தே ரெக்வயர் போட்டு வட்டில் உள்ள ஃபைலைத் திறக்கலாம். 2019-ல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதியைத் தானாக அணைத்து வைத்தார்கள். 2021-ல் 12-ஆம் பதிப்பில் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டையும், பக்கத்துக்கு முன்பே ஓடுகிற பிரீலோடு ஃபைலையும் தனித்தனி அறையில் பூட்டினார்கள். 2022-ல் 20-ஆம் பதிப்பில் பிரீலோடுக்கும் கட்டுப்பாடு வந்தது. பக்கத்திலேயே ரெக்வயர் போடுகிற பழைய வீடியோ எதுவும் இன்றைக்கு அப்படியே ஓடாது. அதைப் போட்டவரைத் திட்டாதே, அன்றைக்கு அது சரிதான்.

வீடியோவின் கீழே கருத்துப் பகுதியில் ஒரு புத்திசாலி, ‘நோட் இன்டக்ரேஷனை ட்ரூ என்றும் கான்டெக்ஸ்ட் ஐசொலேஷனை ஃபால்ஸ் என்றும் மாற்று, ஓடிவிடும்’ என்று எழுதியிருப்பார். ஓடும்தான். ஆனால் சீட்டுப் பணம் இருக்கிற பீரோவின் சாவியை வாசற்படியில் தொங்கவிடுகிற மாதிரி அது. நாளைக்கு அந்தப் பக்கத்தில் வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டையோ விளம்பரத்தையோ சேர்த்தால், அதோடு வருகிற எந்தக் கோடும் உன் வட்டு முழுவதையும் தொடலாம். அம்மா என்ன செய்கிறார்? சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்பவர்களுக்குத் தானே எடுத்துக் கொடுக்கிறார் அல்லவா? அதுதான் முறை. ஃபைலைப் படிப்பதும் எழுதுவதும் மெயின்.ஜேஎஸ்ஸின் வேலை. பிரீலோடு நடுவில் இருக்கிற ஆள்: ‘சீட்டுப் பட்டியலைக் கொடு’, ‘இந்த மாதத் தவணையைச் சேர்’ என்று இரண்டே இரண்டு வேண்டுகோளைக் கான்டெக்ஸ்ட்பிரிட்ஜ் என்ற பாலம் வழியாகப் பக்கத்துக்குக் காட்டும். பக்கம் கேட்கும், பிரீலோடு ஐபிசி என்ற செய்தி வழியாக மெயினிடம் சொல்லும், மெயின் எடுத்துத் தரும். சுற்றுவழி மாதிரித்தான் தெரியும். ஒரு தடவை எழுதிவிட்டால் பழகிவிடும். பிரீலோடிலேயே, ஃபைலைத் திறக்க உதவும் எஃப்எஸ்ஸை ரெக்வயர் செய்யலாமே என்று முயன்றால் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கும், அதுதான் நான் சொன்ன 20-ஆம் பதிப்புக் கட்டுப்பாடு.

சீட்டு ஏலத்தில் தள்ளுக் கணக்கைச் சரியாகப் போட்டாயா என்பதை அம்மாவிடம் காட்டிச் சரிபார். அதில் தப்பு வந்தால் எலக்ட்ரான் காப்பாற்றாது.

மேடம், என்பிஎம் என்று அடித்த உடனே ‘ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்ட் ஆன் திஸ் சிஸ்டம்’ என்கிறது. நோட்.ஜேஎஸ்ஸை மூன்று முறை எடுத்துவிட்டுப் போட்டேன்.
– முலுண்ட் வாசகர்

நோட்.ஜேஎஸ்மேல் குற்றமில்லை, நான்காவது முறை போடாதீர்கள். நீங்கள் திறந்தது பவர்ஷெல். எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஃபைல்களை ஓட்ட அது தானாக அனுமதி தராது. என்பிஎம் அங்கே ஒரு ஸ்கிரிப்டாகத்தான் ஓடுகிறது. பழைய கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அதே வரியை அடியுங்கள், ஓடும். விஎஸ் கோடிலும் டெர்மினலுக்குப் பக்கத்தில் இருக்கிற கூட்டல் குறியருகே இதை மாற்றிக்கொள்ளலாம்.

அம்மா, தாராவி 90 அடி ரோட்டில் தோல் பை கடை வைத்திருக்கிறேன். தங்கச்சி மகன் பில் போட ஒரு புரோகிராம் செய்து கொடுத்தான். அவன் லேப்டாப்பில் நன்றாகத் திறக்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டினால் ‘என்ட்ரி பாயிண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது, ஓகே கொடுத்தால் போய்விடுகிறது. லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். ராம் மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். மாற்றலாமா?
– தாராவி வாசகர்

அண்ணாச்சி, முதலில் அந்தப் பணத்தைப் பைக்குள் வையுங்கள். இதற்கும் ராமுக்கும் சம்பந்தமே இல்லை. ராம் போதாவிட்டால் மெதுவாகத் திறக்கும், நடுவில் திணறும். திறக்கும் முன்பே இப்படி ஒரு பெட்டி வராது.

விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சின்னக் கட்டத்தில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். விண்டோஸ் 7 என்று வரும் என்பது என் ஊகம். ‘என்ட்ரி பாயிண்ட்’ என்றால், புரோகிராம் விண்டோஸிடம் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்கிறது, அந்தப் பெயரில் ஒரு வேலையே தன்னிடம் இல்லை என்று விண்டோஸ் கைவிரிக்கிறது என்று பொருள். புதிய குரோமியம் கேட்பதெல்லாம் விண்டோஸ் 7-க்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்குப் பொது ஆதரவை நிறுத்திவிட்டது. எலக்ட்ரான் 2023-ல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்து 7, 8, 8.1 மூன்றையும் கைவிட்டது. உங்கள் மருமகன் வைத்திருப்பது புதிய லேப்டாப். புதிய எலக்ட்ரானைப் போட்டு அவர் புரோகிராமைக் கட்டியிருக்கிறார். பாவம், கடை மேசைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று அவர் குனிந்து பார்த்திருக்க மாட்டார்.

இதில் அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் நானும் விழுந்த குழி இது. தொண்ணூறுகளில் ஃபாக்ஸ்ப்ரோவில் பில் புரோகிராம் எழுதி, மாட்டுங்காவில் கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். அப்போதெல்லாம் கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்துதான் எழுதுவேன், அதனால் இந்தச் சங்கடம் வரவில்லை. எலக்ட்ரானுக்கு மாறிய பிறகு செம்பூரில் என் வீட்டு மேசையில் சௌகரியமாக எழுதி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். செருகினேன், தட்டினேன். இதே பெட்டி. கடைக்காரர் இரண்டு கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது சாய்க்கு அவரும் கூப்பிடவில்லை, எனக்கும் வாங்கிக் குடிக்க முகமில்லை. இரண்டு மணி நேரம் என் கோடிலேயே தப்பைத் தேடினேன். என் கோடு ஓட ஆரம்பிக்கவே இல்லை என்பது வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில்தான் உறைத்தது. எலக்ட்ரான் படியேறும் முன்பே விண்டோஸ் கதவைச் சாத்திவிட்டது, உள்ளே இருக்கிற கோடை நோண்டி என்ன பயன்? இப்போது யார் ஆப் கேட்டாலும் விலை பேசுவதற்கு முன் வின்வெர் படம் ஒன்றை அனுப்பச் சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வழி. கம்ப்யூட்டர் ஓரளவு தெம்பாக இருந்தால் விண்டோஸ் 10-ஓ 11-ஓ போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள். ராமுக்கு வைத்த பணத்தை இதில் போட்டால் திறக்கிற வேகமே வேறு. அதற்குத் தாங்காத மிஷின் என்றால், மருமகனை எலக்ட்ரான் 22-ஆம் பதிப்பைக் குறிப்பிட்டுப் போட்டு அதே புரோகிராமைத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 7-ல் ஓடுகிற கடைசிப் பதிப்பு அது. அவருடைய கோடில் அதிகம் மாற்ற வேண்டியிருக்காது. கடை மிஷின் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், 32 பிட் என்றால் அதற்கென்று தனியாகக் கட்ட வேண்டும்.

ஆனால் 22-க்கு 2023 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பில் மட்டும் போடுகிற மிஷின், இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு வைத்திருப்பேன் என்றால் கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம் என்பது என் கருத்து. அதிலேயே வங்கிக் கணக்கும் பார்ப்பீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

வாஷியில் வேலை. மதிய இடைவேளையில் ஆஃபீஸ் கணினியில் எலக்ட்ரான் பழகுகிறேன். இன்ஸ்டால் முடிந்தது என்கிறது, ஓட்டினால் ‘எலக்ட்ரான் ஃபெயில்ட் டு இன்ஸ்டால் கரெக்ட்லி’ என்கிறது. முடிந்ததா, முடியவில்லையா?
– நவி மும்பை வாசகர்

பாதி முடிந்தது. என்பிஎம்மில் இருந்து வருவது மெல்லிய உறை மட்டும். உள்ளே இருக்க வேண்டிய கனமான நிரல் கிட்ஹப்பிலிருந்து தனியாக இறங்குகிறது. அந்த இரண்டாவது இறக்கத்தை உங்கள் ஆஃபீஸ் வலையோ, ஆன்டிவைரஸோ மறித்திருக்கும். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற எலக்ட்ரான் ஃபோல்டரை அழித்துவிட்டு, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். நூறு எம்பிக்குக் குறையாமல் இழுக்கும், டேட்டா பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை முழுசாக இறங்கிவிட்டால் ஒரு நகலை அது ஒளித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ப்ராஜெக்ட்டில் அதே பதிப்பைப் போட்டால் திரும்ப இறங்காது. ஆஃபீஸ் மிஷினில் ஹாட்ஸ்பாட் போடலாமா என்பதை உங்கள் ஐ.டி. ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள், என் பேச்சைக் கேட்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு ‘வணக்கம்’ காட்டுவதற்கு நூறு எம்பிக்கு மேலா? அநியாயமாக இல்லையா?
– செம்பூர் வாசகர்

நாலு பேருக்கு உப்புமா கிண்டவும் சமையல்காரர், அண்டா, அடுப்பு, விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருகிற கான்ட்ராக்டர் எலக்ட்ரான். ஒவ்வொரு ஆப்பும் தனக்கென ஒரு முழுக் குரோமியத்தைச் சுமக்கிறது. அநியாயம்தான். ஆனால் எந்த வீட்டு அடுப்பையும் நம்பாததால், எங்கே இறக்கினாலும் உப்புமா ஒரே மாதிரி வரும்.

‘என்பிஎம் ஸ்டார்ட்’ கொடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது அக்கா. மற்றவர்களுக்குக் கொடுக்க எலக்ட்ரான் பில்டரில் எக்ஸிஇ ஃபைலாகக் கட்டிய பிறகு, வெள்ளை ஜன்னல். விடிய விடிய பார்த்தேன். பக்கத்தை வீட் (Vite), ரியாக்ட் என்ற கருவிகளை வைத்துச் செய்தேன். இன்னொன்று, ஒரு நண்பருக்கு அனுப்பினால் விண்டோஸ் நீலமாக ஏதோ காட்டி மிரட்டுகிறதாம்.
– மீரா ரோடு வாசகர்

தம்பி, வீட் என்று சொன்னீர்களே, அங்கேதான் என் கை முதலில் போகும். வீட் கட்டித் தருகிற பக்கத்தில் ஸ்கிரிப்ட் முகவரிகள் சாய்கோட்டில் ஆரம்பிக்கும். இணையத்தில் அதற்குத் தளத்தின் வாசல் என்று பொருள். எக்ஸிஇக்குள் பக்கம் ஃபைலாகத் திறக்கும்போது அதே சாய்கோட்டுக்கு டிரைவின் வாசல் என்று பொருள் ஆகிவிடும். உங்கள் ஸ்கிரிப்டை சி டிரைவின் வாசலில் போய்த் தேடினால் எப்படி இருக்கும்? வீட் கான்ஃபிக் ஃபைலில் பேஸ் என்பதற்குப் புள்ளியும் சாய்கோடும் கொடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். பத்தில் எட்டு பேருக்கு இதோடு தீர்ந்துவிடும் என்று அனுபவத்தில் சொல்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை.

தீரவில்லையென்றால் ஃபைல் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் இதில் கண்டுகொள்ளாத பேர்வழி; லோகோ என்பதன் முதல் எழுத்து எப்படி இருந்தாலும் திறந்துவிடும். ஆனால் எக்ஸிஇ கட்டும்போது உங்கள் ஃபைல்கள் எல்லாம் ஏசார் என்ற ஒரே மூட்டைக்குள் போகின்றன. மூட்டைக்குள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் ஃபைல் கிடைக்கும். அதனால்தான் ஸ்டார்ட்டில் ஓடியது மூட்டையில் ஓடவில்லை. அந்த மூட்டை படிப்பதற்கு மட்டும்தான், எழுத முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆப் திறந்த உடனே தன் ஃபோல்டரிலேயே செட்டிங் ஃபைலை எழுதப் பார்த்தால் அங்கேயே விழுந்துவிடும். ஆப்.கெட்பாத்திடம் யூசர்டேட்டா எங்கே என்று கேட்டு, அந்த இடத்தில் எழுதுங்கள்.

மெனுவை நீங்களே எடுத்துவிடாமல் இருந்தால், கட்டிய எக்ஸிஇயிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ வேலை செய்யும். விடிய விடிய உட்காருவதற்கு முன் அதை ஒருமுறை அழுத்தியிருக்கலாமே?

நீலப் பெட்டி விஷயம்: டிஜிட்டல் கையெழுத்திடாத எக்ஸிஇ வெளியிலிருந்து வந்தால், விண்டோஸின் காவல்காரரான ஸ்மார்ட்ஸ்கிரீன் பெரும்பாலும் அப்படித்தான் முறைக்கும். நண்பர் ‘மோர் இன்ஃபோ’ அழுத்தி, ‘ரன் எனிவே’ கொடுக்கலாம். உங்களைத் தெரிந்தவர்கள் மட்டும் செய்யலாம். வாட்ஸப்பில் வருகிற கண்ட எக்ஸிஇக்கும் இதே பழக்கம் வந்துவிடக் கூடாது. போர்ட்டபிள் என்று ஒரே ஃபைலாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் மூட்டையைத் தற்காலிக இடத்தில் அவிழ்த்துவிட்டுத்தான் திறக்கும், அதனால் தாமதமாகும். இன்ஸ்டாலராகக் கட்டிக் கொடுத்தால் நண்பர் திறக்கவில்லை என்று நினைத்து நாலு தடவை தட்ட மாட்டார்.

எங்கள் கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன் மணி அடிக்கிற ஒரு ஆப் செய்தேன். ஜன்னலை மூடினாலும் கடிகாரம் பக்கத்தில் சின்னப் படமாக உட்கார்ந்திருக்க வேண்டும். செய்து முடித்தேன். சில நிமிடத்தில் படம் காணாமல் போகிறது. மறுபடி ஐகானைத் தட்டினால் ஒன்றுமே நடப்பதில்லை, பிழைச் செய்திகூட வருவதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் ஒரு தடவை திறக்கிறது, திரும்ப அதே கதை.
– ஆன்டாப் ஹில் வாசகர்

இந்த மாதத்தின் சுவையான கடிதம் இதுதான். ஒரு தப்பு இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஐகானைத் தட்டிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். உங்கள் ஆப் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மூடும்போது ஜன்னலை ஒளித்து வைக்கிறீர்கள், அது சரி. ட்ரே படத்தை, அதாவது கடிகாரம் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னப் படத்தை, எங்கே உண்டாக்கினீர்கள்? வென்ரெடிக்குள்ளே ஒரு ஃபங்ஷனில் கான்ஸ்ட் என்று போட்டிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பெயரை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் யாரும் பிடித்துக்கொள்ளாத பொருளைக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். நம் மாநகராட்சி வண்டி மாதிரியே, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுதான் அந்தச் ‘சில நிமிடம்’. ட்ரே என்ற பெயரை ஃபைலின் தலையில், எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, லெட் என்று அறிவித்துவிட்டு, உள்ளே மதிப்பை மட்டும் கொடுங்கள். ஃபைல் ஓடுகிற வரை படமும் இருக்கும்.

இரண்டாவது தட்டுக்கு ஏன் பதிலில்லை? ஒரு நேரத்தில் ஒரே ஆப் ஓட வேண்டும் என்று ரெக்வெஸ்ட்சிங்கிள்இன்ஸ்டன்ஸ்லாக் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல பழக்கம், இல்லாவிட்டால் ஒரே தண்ணீருக்கு மூன்று மணி அடிக்கும். நீங்கள் தட்டும்போது புதிதாக ஒன்று பிறக்கிறது, ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிறது. பிழை எதுவும் நடக்கவில்லை, அதனால் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் போகும் முன் அது உள்ளே இருப்பவரைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் போகிறது. செகண்ட்-இன்ஸ்டன்ஸ் என்று ஒரு நிகழ்வு முதல் ஆப்பில் எழும். அதை நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நிகழ்வு வந்ததும் ஒளித்து வைத்த ஜன்னலுக்கு ஷோவும் ஃபோகஸும் கொடுக்க மூன்று வரி எழுதினால், ஐகானைத் தட்டிய உடனே ஜன்னல் முன்னால் வந்து நிற்கும்.

திருத்திய பிறகு சோதிப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் பழைய ஆப்பை மறக்காமல் முடித்துவிடுங்கள். அது பூட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கிற வரை உங்கள் புதிய கோடு வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும்.